ஆளில்லாமல் விட்ட இடம்

2014ஆம் ஆண்டு மார்ச் மாதம் இரண்டாம் திகதி, ஞாயிற்றுக்கிழமை, பகல் பன்னிரண்டு நாற்பது. வெளியே ஏழு பாகைக் குளிர். காலையிலிருந்து தூறல். குடை பிடித்தால் வெட்கம், பிடிக்காவிட்டால் தடிமன், அந்த மாதிரித் தூறல். பாரிசில், லா சப்பலில் எங்கள் வீடு நாலாம் மாடியில் இருக்கிறது. மேசையில் சோறும் நாலு கறியும். மகள் இரண்டாம் முறை சோறு போட்டுக்கொண்டே, உப்பை இந்தப் பக்கம் தள்ளச் சொல்வது போன்ற குரலில் சொன்னாள்:

"நான் வேலையை விட்டிட்டன்."

நான் முதலில் நினைத்தது அவள் ஏதோ வீட்டுவேலையைச் சொல்கிறாள் என்று. அவளுக்கு அப்போது இருபத்தாறு வயது. லா டிஃபோன்ஸில் ஒரு காப்புறுதிக் கம்பனியின் கணக்குப் பிரிவில், பத்தொன்பதாம் மாடியில், 2009 செப்டம்பரிலிருந்து நிரந்தர வேலை. நாலு வருடமும் ஆறு மாதமும். அந்த நிரந்தர ஒப்பந்தம் கிடைத்த நாளில் நான் பஜோல் தெருப் பிள்ளையாருக்கு நூற்றியொரு தேங்காய் உடைத்தவன்.

"என்னத்தை விட்டிட்டாய்?"

"ஒஃபீசை அப்பா. போன கிழமை கையெழுத்து வைச்சாச்சு. ஏப்ரல் பதினொண்டு கடைசி நாள்."

மனைவி அகப்பையைச் சட்டிக்குள் போட்டுவிட்டாள். "ஆரும் ஏதும் சொன்னவையே? துரத்தினவையே உன்னை?"

"இல்லை அம்மா. நான்தான் கேட்டனான். அவையும் ஓமெண்டிட்டினம்."

"பேந்து என்ன செய்யப்போறாய்?"

"புளோம்பியே படிக்கப்போறன். செப்டம்பரிலை தொடங்குது."

மனைவிக்கு அந்தச் சொல் பிடிபடவில்லை. என்னைப் பார்த்தாள். குழாய் பூட்டுகிற வேலை என்று நான் சொன்னேன்.

"கக்கூஸ் அடைச்சால் வந்து எடுக்கிறவை?"

"ஓம் அம்மா, அதுகும்தான்."

நான் எழும்பி நின்றேன். எழும்பியவன் என்ன செய்வதென்று தெரியாமல் யன்னலை மூடினேன். அது ஏற்கெனவே மூடித்தான் இருந்தது. "விசரே உனக்கு? ஆறு வருசம் கண்டவன் நிண்டவன் திண்ட கோப்பையைக் கழுவினனே, என்னத்துக்கு? நீ குழாய்க்குள்ளை கையை விடுறதுக்கே?"

"நான் கேட்டனானே அப்பா, கழுவுங்கோ எண்டு?"

அவள் இதைக் கோபமாகச் சொல்லவில்லை. இறாலின் வாலைக் கழற்றிக்கொண்டே சொன்னாள். நாலரை வருடமாகத் தான் செய்த வேலையில் ஒன்றையும் கண்ணால் கண்டதில்லையாம். இந்த வேலையில் தண்ணீர் ஓடினால் ஓடும், ஒழுகினால் ஒழுகும், அன்றைக்கே தெரிந்துவிடுமாம். அதுதான் அவள் சொன்ன காரணம் முழுவதும்.

"செப்டம்பர் மட்டும் எப்பிடிச் சீவிக்கிறது?"

"ஷோமாஜ் வரும். ரெண்டு வருசத்துக்கு."

ஷோமாஜ் என்பது வேலையில்லாதவருக்கு அரசாங்கம் கொடுக்கிற பணம். அது கம்பனி மூடி, தெருவுக்கு வந்த மனிதருக்குக் கொடுப்பது என்றுதான் முப்பது வருடமாக நான் நினைத்திருந்தேன்.

"நீயாய் விட்டதுக்கும் தருவினமே?"

"ரெண்டு பகுதியும் சம்மதிச்சு விட்டால் தருவினம். அதுக்கொரு சட்டம் இருக்கு."

நல்ல சம்பளத்தை விட்டுவிட்டுக் குழாய் பூட்டப் பழகப் போகிறவளுக்குப் பிரான்ஸ் அரசாங்கம் மாதாமாதம் படியளக்கிறது. நான் மறுபடி உட்கார்ந்து தண்ணீர் குடித்தேன். பிறகுதான் எனக்கு உண்மையிலே கேட்கவேண்டிய கேள்வி நினைவுக்கு வந்தது.

"சரி. உன்ர இடத்துக்கு ஆரை விடுறாய்?"

"என்ன?"

"நீ எழும்பினால் அந்தக் கதிரையிலை ஆர் இருக்கிறது? ஆரைச் சொல்லியிருக்கிறாய்?"

அவள் தாயைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். கேள்வி அவளுக்கு விளங்கவேயில்லை. "அது எனக்கென்னெண்டு தெரியும் அப்பா? அது அவையின்ர பிரச்சினை."

குழாய் வேலையைக்கூட நான் எப்படியோ விழுங்கியிருப்பேன். இதை விழுங்க முடியவில்லை. ஓர் இடத்தை ஆளில்லாமல் விட்டுவிட்டு எழும்பிப் போகிற ஒருத்தியை நான் பெற்று வளர்த்திருக்கிறேன்.

இதை விளங்கப்படுத்த நான் எண்பதுகளுக்குப் போகவேண்டும்.

நான் 1984 ஜனவரியில் இங்கே வந்தேன். அதற்கு முன் யாழ்ப்பாணம் கச்சேரியில் அரசாங்க எழுதுவினைஞர். எங்கள் தகப்பனார் ஐம்பதுகளில் கிளிநொச்சிப் பக்கம் காடு வெட்டிக் குடியேறியவர்களில் ஒருவர். வெட்டி, எரித்து, வேலி போட்டவனுக்குக் காணி. நீ என்ன படித்தாய், யாருடைய மகன் என்று அங்கே மரமும் கேட்காது, யானையும் கேட்காது. பாரிசில் அந்த முதல் வருடங்கள் எனக்கு அப்படித்தான் இருந்தன. லா சப்பலில் எங்கள் ஆட்களின் கடைகளை ஒரு கைவிரல்களால் எண்ணலாம். சட்டம் படித்தவன் வெங்காயம் உரித்தான். கடலுக்குப் போனவன் ஆறு மாதத்தில் பிரெஞ்சுச் சாப்பாடு சமைத்தான். ஒரு கணித ஆசிரியர் மீன் பெட்டி தூக்கினார், பிறகு அதே மீனை மொத்தமாக வாங்கி விற்றார். எவரும் எவராகவும் ஆகலாம். அத்தாட்சிப் பத்திரம் கேட்கிறவர் இல்லை. பத்ரோன், அதாவது முதலாளி, கேட்டதெல்லாம் பதினொரு மணிக்கு இரண்டு கை.

அதைச் சுதந்திரம் என்று சொல்லலாமா என்று எனக்குத் தெரியாது. எல்லாக் கதவும் திறந்திருந்தது. எல்லாக் கதவும் சமையலறையின் பின்கதவு.

ஆனால் அந்தப் பின்கதவுகளுக்கு ஒரு முறை இருந்தது. எழுதி வைத்த முறையல்ல. ஒருவன் ஓர் இடத்தை விட்டு நல்ல இடத்துக்குப் போகிறான் என்றால், சனிக்கிழமை தான் போட்ட அங்கியைத் தோய்த்துக் காயவிட்டு, திங்கட்கிழமை அதே அங்கியோடு இன்னொருவனைப் பத்ரோனுக்கு முன் நிறுத்த வேண்டும். நான் கோப்பை கழுவிய முதல் உணவகத்தில் எனக்கு முன் மூன்று பேர் அப்படி வந்து போயிருந்தார்கள். பத்ரோன் முதலாவது ஆளின் பெயராலேயே எங்கள் நாலு பேரையும் கூப்பிட்டார். அந்த முதலாவது ஆளை நான் கண்டதேயில்லை. ஆனால் ஒன்றேகால் வருடம் அவருடைய பெயருக்கு ஓடிப்போய் "ஓம்" சொல்லியிருக்கிறேன். இடத்தை வெறுமையாக விட்டுப் போனவனை எங்கள் ஆட்கள் மதிக்கமாட்டார்கள். இடத்துக்குக் காசு வாங்கினவனை அதைவிட மதிக்கமாட்டார்கள். ஒருமுறை கொடுத்த இடத்தை, உன் புது வேலை சரிவராவிட்டாலும், திரும்பக் கேட்கக்கூடாது. அவனுக்கும் ஒரு குடும்பம் இருக்கிறது. நான் மொத்தம் ஐந்து இடம் மாறினேன். ஐந்திலும் ஆள் வைத்துவிட்டுத்தான் வெளியேறினேன்.

எனவே அந்த மார்ச் மாதம் முழுக்க என் தலைக்குள் பத்தொன்பதாம் மாடியில் ஒரு வெறும் கதிரைதான் இருந்தது. ஏப்ரல் பதினொன்றுக்குப் பிறகு அதில் எவனோ உட்காருவான். அவன் ஏன் எங்கள் ஆளாக இருக்கக்கூடாது?

ஆள் இருந்தாள். என் தங்கையின் மகள், எனக்கு மருமகள் முறை. முப்பத்தொரு வயது. யாழ்ப்பாணத்தில் வணிகமாணிப் பட்டம் எடுத்து, கிளிநொச்சியில் ஒரு கூட்டுறவுச் சங்கத்தில் இரண்டு வருடம் கணக்கு எழுதியவள். சண்டை முடிந்து, முகாமில் இருந்து, 2011இல் இங்கே வந்து, அகதி அந்தஸ்தும் கிடைத்துவிட்டது. கூசேன்வில்லில் இன்னும் இரண்டு பெண்களோடு ஓர் அறை. விமான நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு ஹோட்டலில் நாளுக்குப் பதினாறு அறை துப்புரவு. பதினாறு கட்டில், முப்பத்திரண்டு தலையணை. அவள் அதைப்பற்றி ஒருநாளும் முறைப்பாடு சொன்னதில்லை. எனக்குத்தான் அவளுடைய கைகளைப் பார்க்க முடியாது.

ஒரு வெள்ளிக்கிழமை கோயில் பூசை முடிந்து அவளைத் தேநீர்க் கடைக்குக் கூட்டிப்போனேன்.

"பிள்ளை, உனக்கொரு இடம் வருகுது."

"எங்கை மாமா?"

"லா டிஃபோன்ஸ். பத்தொன்பதாம் மாடி. கணக்கு."

அவள் கடித்த வடையைத் தட்டில் வைத்தாள். "எனக்கே?"

"பேந்து ஆருக்கு? மச்சாள் விடுறாள். கதிரை சும்மா கிடக்கப்போகுது."

"மச்சாள் அவையோடை கதைச்சவவே?"

"அவளுக்கு உந்த முறையொண்டும் தெரியாது. நான் கூட்டிக்கொண்டு போறன்."

"இஞ்சத்தைப் பேப்பர் கேப்பினம் மாமா."

"உன்ர பட்டம் இருக்குத்தானே? எண்பத்தி நாலிலை என்னட்டை என்ன இருந்தது?"

"எண்பத்தி நாலிலை நீங்கள் கோப்பை கழுவவெல்லோ போனீங்கள்" என்று அவள் மெல்லச் சிரித்தாள். நானும் சிரித்தேன். இவ்வளவு நல்ல வாய் இருக்கிறவள் அந்த ஒஃபீசில் நிச்சயம் பிழைத்துக்கொள்வாள் என்று நினைத்தேன். பிறகு, முறைப்படி, சொல்லவேண்டியதையும் சொன்னேன்: "உன்ர ஹோட்டல் இடத்துக்கு ஒரு ஆளைப் பாத்து வை. சும்மா விட்டிட்டு வராதை."

அவள் பார்த்து வைத்தாள். முல்லைத்தீவிலிருந்து வந்த ஒரு பெண், இரண்டு பிள்ளைகள், லா கூர்னெவ்வில் இருக்கிறவள், ஏழு மாதமாக வேலை இல்லை. ஏப்ரல் பன்னிரண்டாம் திகதி சனிக்கிழமை மருமகள் அவளை ஹோட்டல் மேற்பார்வையாளரிடம் கூட்டிப்போய் நிறுத்தி, தான் விலகுவதாக எழுதிக் கொடுத்துவிட்டு வந்தாள். மகளுக்கு நான் ஒன்றும் சொல்லவில்லை. சொன்னால் தடுப்பாள். கையில் ஆளோடு போய் நின்றால் பத்ரோன் மறுக்கமாட்டார் என்பது முப்பது வருட அனுபவம்.

திங்கட்கிழமை காலை ஒன்பது மணிக்கு லா டிஃபோன்ஸில் இறங்கினோம். மருமகள் கறுப்புக் கோட்டும் புதுச் சப்பாத்தும் போட்டிருந்தாள். பட்டச் சான்றிதழும் சங்கத்தின் சேவைக் கடிதமும் மொழிபெயர்ப்புகளும் ஒரு பிளாஸ்டிக் உறைக்குள். நான் என் கழுத்துப்பட்டியைக் கட்டியிருந்தேன்.

கட்டடத்துக்குப் பின்கதவு இல்லை. நான் முழுச் சுற்றும் பார்த்தேன். முன்னால் கண்ணாடி, உள்ளே மார்பளவு உயரத்தில் ஆறு தடுப்புக் கதவுகள். அட்டையைக் காட்டினால்தான் திறக்கும். ஒவ்வொருவராக அட்டையைத் தொட்டு உள்ளே போய்க்கொண்டிருந்தார்கள். ஒருவரும் எங்களைப் பார்க்கவில்லை. வரவேற்பு மேசையில் இருந்த இளைஞன் யாரோடு சந்திப்பு என்று கேட்டான். மகளின் பெயரைச் சொல்லி, அவளுடைய இடம் சம்பந்தமாக என்றேன். அவன் தொலைபேசியில் பேசிவிட்டு எங்களை ஒரு மெத்தை வாங்கில் இருத்தினான்.

முகாமைத்துவப் பகுதியிலிருந்து ஒரு பெண் இறங்கி வந்தாள். முப்பத்தைந்து வயதிருக்கும். கைகொடுத்தாள். மகளைத் தங்களுக்கு மிகவும் பிடிக்கும் என்றாள். "அவருடைய பொருட்களை எடுக்க வந்தீர்களா?"

"இல்லை அம்மணி. ஆளைக் கொண்டு வந்திருக்கிறேன்" என்றேன் பிரெஞ்சில்.

"எந்த ஆளை?"

"மகளின் இடத்துக்கு."

அவள் மருமகளைப் பார்த்தாள், உறையைப் பார்த்தாள், திரும்ப என்னைப் பார்த்தாள். சிரிப்பாள் என்று நினைத்தேன், சிரிக்கவில்லை. "ஐயா, அந்த இடம் இப்போது இல்லையே."

"வெள்ளிக்கிழமை பின்னேரம் வரை இருந்தது."

"ஆம். வெள்ளிக்கிழமை பின்னேரம் வரை."

"இன்றைக்கு அந்த வேலையை யார் செய்கிறார்கள்?"

"மற்ற இரண்டு பேரும் பிரித்துக்கொண்டார்கள். ஒரு பகுதியைக் கணினி செய்கிறது."

நான் அந்த வாங்கில் அப்படியே இருந்தேன். மனிதர்கள் வருவதும் போவதும் எனக்குத் தெரியும். முதலாளிகள் கடையை மூடிவிட்டு ஓடுவதும் தெரியும். ஆனால் கடை திறந்திருக்க, விளக்கு எரிய, ஆட்கள் உள்ளே போக, ஓர் இடம் மட்டும் ஆள் எழும்பியதோடு சேர்ந்து எழும்பிப் போய்விடும் என்று நான் கற்பனையும் செய்ததில்லை. எங்கள் காலத்தில் கோப்பை கழுவுகிறவன் போனால் கோப்பை குவியும். ஒரு மணித்தியாலத்தில் பத்ரோன் கத்துவார். இங்கே கத்த ஒருவரும் இல்லை.

மருமகள்தான் எழும்பினாள். மூன்று வருடத்தில் கற்ற பிரெஞ்சில், ஒவ்வொரு சொல்லாக வைத்து, தான் பட்டம் பெற்றவள் என்றும், இரண்டு வருடம் கணக்கு எழுதியவள் என்றும், வேறு ஏதும் இடம் இருந்தால் எப்படி விண்ணப்பிப்பது என்றும் கேட்டாள். அந்தப் பெண் நின்றபடியே உறையைத் திறந்து ஒவ்வொரு தாளாகப் பார்த்தாள். அவசரப்படவில்லை. இது நல்ல பட்டம்தான், ஆனால் இங்கே கணக்கு வேலைக்கு இந்த நாட்டு அத்தாட்சி ஒன்று கேட்பார்கள் என்றாள். பத்து மாதத்தில் முடிக்கிற படிப்புகளும் உண்டு என்றாள். உறையை மூடி இரண்டு கையாலும் கொடுத்தாள். எங்கள் சந்திப்பு பதினொரு நிமிடம்.

ரயிலில் மருமகள் சப்பாத்தை அரைவாசி கழற்றிவிட்டு இருந்தாள். குதிக்கால் உரிந்து சிவந்திருந்தது.

"பிள்ளை, ஹோட்டலிலை ஒருக்கால் கேட்டுப் பார். இன்னும் மூண்டு நாள்கூட ஆகேல்லை."

"குடுத்ததையே மாமா கேக்கிறது? நீங்களே சொல்லுறியள்?"

கார் து நோர் ரயில் நிலையத்தில் அவள் சப்பாத்தைத் திரும்ப மாட்டிக்கொண்டு இறங்கினாள்.

பின்னேரம் ஆறு மணிக்கு மகள் கதவைத் திறந்துகொண்டு வந்தாள். அவளோடு வேலை செய்தவர்களில் ஒருத்தி செய்தி அனுப்பியிருக்கிறாள்: உன் அப்பா உன் கதிரையைக் கேட்டு வந்திருந்தார்.

"அப்பா, என்ர ஒஃபீசுக்குப் போனீங்களா?" பிறகு பிரெஞ்சில் நிறையச் சொன்னாள். வேகத்தில் பாதி விளங்கவில்லை. விளங்கிய பாதியே போதும். கடைசியில் மூச்சு வாங்கித் தமிழுக்கு வந்தாள். "கழுத்துப்பட்டியோடையாம்! மானம் போகுது."

"நீ விட்டிட்டுப் போன இடம். உன்ர மானம் என்னெண்டு போகும்?"

"சரி, விடுங்கோ. மச்சாள் ஹோட்டலை எப்பிடி விட்டவ?"

"முறைப்படி விட்டவள். ஒரு ஆளை வைச்சிட்டு, எழுதிக் குடுத்திட்டு வந்தவள்."

"எழுதிக் குடுத்தவவோ? தானாய் விலகிறன் எண்டோ?" மகள் சுவரோடு சாய்ந்துவிட்டாள். "ஐயோ அப்பா. அப்பிடி விட்டால் ஒரு சதமும் வராது."

"உனக்கு வருகுது."

"எனக்குக் கம்பனி சம்மதிச்சுக் கையெழுத்து வைச்சது. அவ தானாய் விலகினவ. அது வேறை, இது வேறை."

வேலையை விடுவதில் இரண்டு வகை இருக்கிறது என்று அறுபத்தாறு வயதில் அறிந்துகொண்டேன். கதிரையை வெறுமையாக விட்டு எழும்பினவளுக்கு இரண்டு வருடம் பணம். தன் இடத்தில் ஒரு தாயை இருத்திவிட்டு மரியாதையாக விலகினவளுக்கு ஒன்றுமில்லை. நான் மகளிடம் இதை மூன்று முறை திருப்பிக் கேட்டேன். மூன்று முறையும் அதே பதில்.

மனைவி அதுவரை கதவு நிலையில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். "இஞ்சாருங்கோ, நாளைக்கு உங்கட தங்கச்சி ரெலிபோன் எடுத்தால் நான் என்னத்தைச் சொல்ல? மகள் கட்டில் விரிச்சாவது சாப்பிட்டவள், அதையும் உங்கட அண்ணர் பறிச்சுப்போட்டார் எண்டு சொல்லவோ?"

புதன்கிழமை நான் முறையை மீறத் தீர்மானித்து லா கூர்னெவ்வுக்குப் போனேன். மருமகளுக்குச் சொல்லவில்லை. அந்த முல்லைத்தீவுப் பெண்ணிடம் நிலைமையைச் சொல்லி, இடத்தைத் திரும்பக் கேட்பது. வேண்டுமானால் அவளுக்கு நானே வேறொன்று தேடிக் கொடுப்பது. பதினோராம் மாடி, மின்தூக்கி பழுது. மேலே போய்ச் சேர எனக்கு நெஞ்சு அடித்தது. கதவைத் திறந்தவள் என்னை யாரென்று அறிந்ததும் உள்ளே ஓடிப்போய் ஒரு கதிரையைத் துணியால் துடைத்துப் போட்டாள்.

"இருங்கோ ஐயா. உங்கட மருமகளாலைதான் நாங்கள் இண்டைக்குச் சாப்பிடுறம். இந்தாங்கோ, தேத்தண்ணி."

சீருடை யன்னலோரம் காய்ந்துகொண்டிருந்தது. சிறிய பிள்ளை அதன் பொத்தானைப் பிடித்து இழுத்தது. "அதை விடடா, அம்மான்ர வேலைச் சட்டை" என்று அவள் அதட்டினாள். அதட்டும்போதும் அவளுக்குச் சிரிப்பு அடங்கவில்லை.

"அக்காவின்ர புது ஒஃபீஸ் எத்தினையாம் மாடி ஐயா?"

"பத்தொன்பது."

"கடவுளே. அங்கையிருந்து ஐஃபில் கோபுரமும் தெரியுமாம், என்ன?"

"தெரியும்" என்றேன். தேத்தண்ணீர் குடித்தேன். பிள்ளையின் தலையைத் தடவிவிட்டுப் படியிறங்கினேன்.

அன்று பின்னேரம் மகள் மருமகளுக்குத் தொலைபேசி எடுத்து, நாங்களும் கேட்கும்படி மேசையில் வைத்தாள். நான் அவளுக்கு மூன்று வேலைகளைச் சொல்ல ஆயத்தமாக இருந்தேன்: ஒரு பலசரக்குக் கடை, ஒரு பாடசாலைச் சாப்பாட்டறை, கூசேன்வில்லில் விமானச் சாப்பாடு பொதி செய்கிற இடம். மூன்றுக்கும் எனக்கு ஆள் தெரியும். மகள் என்னைக் கையால் மறித்துவிட்டு ஒரேயொரு கேள்வி கேட்டாள்.

"மச்சாள், உங்களுக்கு என்ன வேலை செய்ய விருப்பம்?"

தொடர்பு அறுந்துவிட்டதோ என்று நான் குனிந்து பார்த்தேன்.

"இதுவரைக்கும் ஒருத்தரும் என்னைக் கேக்கேல்லை" என்றாள் மருமகள். "கணக்குத்தான். எனக்குக் கணக்கு விருப்பம். அங்கையும் விருப்பப்பட்டுத்தான் படிச்சனான்."

நான் கச்சேரியில் ஒன்பது வருடம், இங்கே சமையலறைகளிலும் களஞ்சியங்களிலும் இருபத்தெட்டு வருடம் வேலை செய்தவன். மொத்தம் முப்பத்தேழு. நூறு பேருக்குக் குறையாமல் வேலை எடுத்துக் கொடுத்திருப்பேன். ஒருவரிடமாவது இந்தக் கேள்வியைக் கேட்டதில்லை. அது ஒரு கேள்வி என்றே எனக்குத் தெரியாது. எங்கே இடம் இருக்கிறது என்பதுதான் கேள்வி. காடு வெட்டப் போகிறவனிடம் உனக்கு எந்த மரம் பிடிக்கும் என்று கேட்பார்களா?

ஆனால் காடு முடிந்துபோய்விட்டது. இப்போது எல்லாம் அளந்து, கல் நாட்டி, கதவு போட்ட காணி. கதவைத் திறக்கிற அட்டை உள்ளவள் உள்ளே போகலாம், வெளியே வரலாம், குழாய் பூட்டப் போகலாம், பிடிக்காவிட்டால் திரும்பியும் வரலாம். என் மகளுக்கு இருக்கிற அந்தச் சுதந்திரம் எங்களில் ஒருவருக்கும் இருந்ததில்லை. அட்டை இல்லாதவளுக்கு எங்கள் பின்கதவுகூட இல்லை. முப்பது வருடம் பிந்தி வந்தது அவளுடைய குற்றமா? நாங்கள் ஒன்றும் இல்லாமல் வந்து ஏதோ ஒன்றாக ஆனோம். அவள் பட்டத்தோடு வந்து முப்பத்திரண்டு தலையணைக்கு உறை மாற்றினாள். இதை யாரிடம் போய் முறையிடுவது என்று எனக்கு இன்றுவரை தெரியவில்லை.

செப்டம்பரில் இரண்டு பேரும் படிக்கப் போனார்கள். மகள் காலையில் கனத்த சப்பாத்தோடும் கருவிப் பெட்டியோடும் இறங்கிப்போவாள். மனைவி யன்னலால் பார்த்துவிட்டு, தெரிந்தவர்கள் யாரும் கீழே நிற்கிறார்களா என்று தெருவையும் பார்ப்பாள். மருமகளின் படிப்புக்கும் அறை வாடகைக்கும் பயணச் சீட்டுக்கும் நான் பொறுப்பு என்று சொல்லிவிட்டேன். அவள் மறுத்தாள். இடத்தை விடச் சொன்னவன் நான் என்றேன். சாப்பாட்டுக்கு மட்டும் காசு வேண்டாம் என்று பிடிவாதமாக நின்று, மாலையில் இரண்டு மணித்தியாலம் ஒரு பாடசாலையைத் துப்புரவாக்கிச் சமாளித்தாள்.

பத்து மாதம். அவளுக்கு மொழி இடித்தது. 'பற்று', 'வரவு' எல்லாம் தெரியும், ஆனால் பரீட்சைத் தாளில் கேள்வியை விளங்கவே கால்வாசி நேரம் போய்விடும் என்றாள். டிசம்பர்ப் பரீட்சையில் இருபதுக்கு ஏழு. விட்டுவிடட்டுமா என்று கேட்பாள் என்று பயந்துகொண்டிருந்தேன், அவள் கேட்கவில்லை. ஜூனில் இருபதுக்குப் பதின்மூன்று, தேறிவிட்டாள்.

2015 ஒக்டோபரில் லா கூர்னெவ்வில் ஒரு மொத்த வியாபாரக் களஞ்சியத்திலிருந்து அவளை நேர்முகத்துக்குக் கூப்பிட்டார்கள். கணக்குப் பகுதியில் ஓர் இடம். அந்தக் களஞ்சியத்தில் எனக்குத் தெரிந்தவர் ஒருவர் பதினைந்து வருடமாகப் பாரவண்டி ஓட்டுகிறார். நான் கழுத்துப்பட்டியை எடுத்து வைத்துவிட்டு அவளுக்குத் தொலைபேசி எடுத்தேன்.

"எத்தினை மணிக்கு ஸ்ரேசனிலை நிக்கட்டும்?"

"நீங்கள் வரவேண்டாம் மாமா. நான் தனியப் போறன்."

"அங்கை எனக்கு ஆள் இருக்கு பிள்ளை. ஒரு சொல்லுச் சொன்னால்..."

"சொல்லவும் வேண்டாம் மாமா. கோவிக்காதையுங்கோ."

இப்படியும் ஒருவர் மறுப்பாரா என்று நான் தொலைபேசியைக் கையில் வைத்துக்கொண்டே நின்றேன். தெரிந்த ஆள் இருக்க, சொல்ல வேண்டாமாம். அன்று முழுவதும் எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. மனைவி இரண்டு முறை தட்டை எடுத்துப்போய்ச் சூடாக்கிக் கொண்டுவந்தாள். படிப்பு முடித்து இப்போது குழாய் பூட்டுகிற மகள், வேலை முடிந்து வந்து, கையைக் கழுவிக்கொண்டே, "என்னவாம்?" என்று கேட்டாள். ஒன்றும் தெரியாது என்றேன்.

ஐந்து இருபதுக்கு மருமகள் அழைத்தாள். மூன்று மாதம் பரீட்சார்த்தம், பிறகு நிரந்தரம். முதலாவது மாடி. யன்னலால் பார்த்தால் பாரவண்டிகள்தான் தெரியும் என்று சிரித்தாள். என்ன பத்திரம் கேட்டார்கள் என்று கேட்டேன். படித்த பத்திரத்தை மட்டும் பார்த்தார்களாம். யார் அனுப்பியது என்று ஒருவரும் கேட்கவில்லையாம்.

அதற்குப் பிறகு ஒருநாள், அந்த ஓர் இடத்துக்கு நான் கொடுத்த காசு எல்லாவற்றையும் கூட்டிப் பார்த்தேன். படிப்புக் கட்டணம், பத்து மாத வாடகைப் பங்கு, பயணச் சீட்டு, புத்தகம், பரீட்சைக் கட்டணம். இருமுறை கூட்டினேன், ஒரே விடைதான். ஏழாயிரத்து நானூற்றுத் தொண்ணூற்றெட்டு யூரோ, இருபது சதம்.